ஸ்மால் பிளாக் ஷெவர்லே வி8: இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கட் மறுபடி போகாமல் இருக்க

புதிய கேஸ்கட் (இரு உலோக முகங்களுக்கு இடையில் கசிவை அடைக்க வைக்கும் தகடு) போட்டு ஆறு மாதம்கூட ஆகாமல் அதே மூலையில் கூலன்ட் மறுபடி கசிகிறது என்றால், வேறு கம்பெனி கேஸ்கட் வாங்கிப் போட்டால் தீர்ந்துவிடாது. இன்டேக் மேனிஃபோல்டு, அதாவது சிலிண்டர்களுக்குக் கலவையைக் கொண்டுபோகும் வார்ப்பு, சிலிண்டர் ஹெட்டின் மேல் முழுசாகப் படிந்து உட்காரவில்லை. அந்த உட்காரலைச் சரிபார்க்காமல் போடும் எந்தக் கேஸ்கட்டும் அதே வழியில்தான் போகும். இந்த வேலையில் பாதி நேரம் புதுக் கேஸ்கட்டை உறையிலிருந்து எடுக்கும் முன்பே செலவாக வேண்டும்.

கீழே உள்ள அளவுகள் 1955இல் வந்த ஷெவர்லே ஸ்மால் பிளாக் குடும்பத்துக்கானவை: 283, 327, 350 கன அங்குல இன்ஜின்கள். வார்ப்பிரும்பு ஹெட், அதன் மேல் பிற்பாடு மாட்டிய அலுமினிய மேனிஃபோல்டு என்ற சேர்க்கையை மனதில் வைத்து எழுதியது. தொல்லை அதிகம் வருவதும் அந்தச் சேர்க்கையில்தான்.

இந்த இன்ஜினில் மேனிஃபோல்டு மூன்று வேலை பார்க்கிறது. கார்புரேட்டரிலிருந்து வரும் கலவையை எட்டு சிலிண்டருக்கும் கொண்டுபோகிறது. இரண்டு ஹெட்களிலிருந்தும் சூடான கூலன்ட்டை முன்மூலைகளில் வாங்கி தெர்மோஸ்டாட்டுக்குக் கொடுக்கிறது. வால்வுகளை இயக்கும் லிஃப்டர்கள் இருக்கும் பள்ளத்துக்கு மூடியாகவும் இருக்கிறது. போதாததற்கு, நடுவில் எக்ஸாஸ்ட் வாயு ஒரு ஹெட்டிலிருந்து மறு ஹெட்டுக்குக் குறுக்கே ஓடும் வழியும் உண்டு. ஆக ஒரே கேஸ்கட்டின் மேல் வேக்யூம், கூலன்ட், ஆயில் ஆவி, எரிந்த வாயு என்று நான்கும் சேர்ந்து வேலை செய்கின்றன.

ஏன் போகிறது

முதல் காரணம் இரண்டு உலோகங்கள் வெவ்வேறு அளவில் விரிவது. அலுமினியம் ஒரு டிகிரி செல்சியஸுக்கு மீட்டருக்குச் சுமார் 23 மைக்ரான் நீளும்; வார்ப்பிரும்பு அதில் பாதி, 11 முதல் 12 மைக்ரான். 450 மி.மீ. நீளமுள்ள விளிம்பு 75 டிகிரி சூடேறினால் இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 0.4 மி.மீ. வித்தியாசம் வரும். மேனிஃபோல்டை நடுப்பகுதி பிடித்துக்கொண்டிருப்பதால் ஒவ்வொரு நுனியும் 0.2 மி.மீ. வீதம் நகர்கிறது. ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்து ஆறவிடும்போதும் இந்த நகர்வு உண்டு. கூலன்ட் துளைகள் இருப்பதோ நுனியில். அதிகமாகத் தேயும் இடத்தில்தான் தண்ணீரைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. முன்மூலைக் கசிவு இவ்வளவு சகஜமாக இருப்பதற்கு அதுவே காரணம்.

இரண்டாவது, மெஷினிங். இன்ஜின் பழையது, எப்போதோ யாரோ ஹெட்டையோ பிளாக்கின் மேல்தளத்தையோ சீவியிருப்பார்கள். ஹெட் கீழே இறங்கியதும் இரு ஹெட்களுக்கும் இடையிலான வி வடிவ இடைவெளி குறுகிவிடும். பழைய மேனிஃபோல்டு அதில் முழுசாக இறங்காமல் உயரத்தில் தங்கும்.

மூன்றாவது, முன்னும் பின்னும் வைக்கும் கார்க் அல்லது ரப்பர் சீல்கள். அவை தடித்துப்போய் மேனிஃபோல்டைத் தூக்கிப் பிடித்தால் பக்கவாட்டு கேஸ்கட்டுக்கு அழுத்தம் போய்ச்சேராது. இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரென்ச் சரியான அளவைக் காட்டும். கேஸ்கட் மட்டும் தளர்வாகவே இருக்கும்.

நான்காவதைப் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் வாயில் இருக்கும் ஹீட் ரைசர் வால்வு துருப்பிடித்து மூடிய நிலையில் நின்றுவிட்டால், ஒரு பக்கத்து எக்ஸாஸ்ட் வாயுவில் பெரும்பகுதி எப்போதும் மேனிஃபோல்டின் நடுவழியாகவே ஓடும். நடுக் கேஸ்கட் கருகித் தூளாகும், கார்புரேட்டருக்குள் பெட்ரோல் கொதிக்கும். மேனிஃபோல்டின் நடுவில் மட்டும் பெயின்ட் வெந்து உரிந்திருந்தால் உடனே அந்த வால்வைக் கையால் அசைத்துப் பாருங்கள். ஆறிய இன்ஜினில் அதன் எடைக்கட்டை தடையின்றித் திரும்ப வேண்டும்.

கழற்றும் முன் எங்கே கசிகிறது என்று உறுதிசெய்தல்

கேஸ்கட்டின் மேல் விளிம்பில் கசிவு இருந்தால் கண்டுபிடிப்பது சுலபம். ஐடிலில் ஓடவிட்டு இணைப்பின் ஓரமாகத் தண்ணீரை மெல்லிய தூறலாகத் தெளித்துக்கொண்டே போங்கள். ஓட்டத்தின் சத்தம் மாறும் இடம்தான் கசிவு. கார்புரேட்டர் கிளீனர் தெளித்துப் பார்ப்பவர்கள் உண்டு; சூடான எக்ஸாஸ்ட்டின் மேல் பட்டால் தீப்பிடிக்கும் என்பதால் தண்ணீரே நல்லது. வேக்யூம் கேஜ் மாட்டினால், கடல்மட்டத்தில், ஸ்டாக் கேம்ஷாஃப்ட் உள்ள நல்ல இன்ஜின் ஐடிலில் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவில்) வரை நிலையாகக் காட்டும். முள் ஆடாமல் அதைவிடக் கீழே நின்றால் கசிவாகவும் இருக்கலாம், இக்னிஷன் டைமிங் பின்தங்கியும் இருக்கலாம். டைமிங்கைப் பார்த்துவிட்டே கேஸ்கட்டைச் சந்தேகியுங்கள்.

அடி விளிம்பில் கசிந்தால் வெளியே எதுவும் தெரியாது. போர்ட்டில் உள்ள வேக்யூம் லிஃப்டர் பள்ளத்திலிருந்து ஆயில் ஆவியை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஆயில் குறையும், ஆக்ஸிலரேட்டரை விட்டதும் நீலப்புகை வரும், ஓரிரு ஸ்பார்க் பிளக் மட்டும் ஆயிலில் நனைந்திருக்கும். இதைப் பார்த்துவிட்டுப் பிஸ்டன் ரிங் தேய்ந்துபோயிற்று என்று இன்ஜினையே இறக்கிவிடுகிறார்கள். அதற்கு முன் ஐந்து நிமிடச் சோதனை ஒன்று இருக்கிறது. பிசிவி வால்வை (இன்ஜினுக்குள் சேரும் ஆவியை மேனிஃபோல்டுக்கு அனுப்பும் வால்வு) வால்வு கவரிலிருந்து உருவி, அதன் குழாயை கார்புரேட்டர் பக்கத்தில் அடைத்துவிடுங்கள். வால்வு கவரில் உள்ள மற்றத் துளைகளையும் ரப்பர் அடைப்பான் வைத்து மூடுங்கள். ஆயில் ஊற்றும் வாயின் மேல் மெல்லிய ரப்பர் கையுறை ஒன்றை இழுத்து மாட்டி இன்ஜினை ஐடிலில் ஓடவிடுங்கள். நல்ல இன்ஜினில் கையுறை மெல்ல உப்பி விரல்கள் எழுந்து நிற்கும். அடி விளிம்பு கசியும் இன்ஜினில் விரல்கள் உள்ளுக்குள் இழுபட்டு, கையுறை வாய்க்குள் குழிந்து ஒட்டிக்கொள்ளும். இன்டேக் வால்வு கைடுகள் மிகவும் தேய்ந்திருந்தாலும் லேசாக உள்ளிழுக்கும், ஆனால் இந்த வேகத்தில் இழுக்காது.

டிப்ஸ்டிக்கிலோ ஆயில் மூடியின் உட்புறத்திலோ நுரைத்த பழுப்பு வெள்ளைப் பசை இருந்து, ரேடியேட்டரில் மட்டமும் குறைந்திருந்தால் இன்ஜினை மேற்கொண்டு ஓட்டிச் சோதிக்க வேண்டாம். கூலன்ட்டின் கிளைகால் கலந்த ஆயில் பேரிங்குகளைச் சீக்கிரம் தின்றுவிடும்.

கழற்றுதல்

ரேடியேட்டரை மட்டும் காலி செய்தால் போதாது. பிளாக்கின் இரு பக்கமும் ஆயில் பேன் விளிம்புக்குச் சற்று மேலே உள்ள டிரெயின் பிளக்குகளையும் திறந்து வடியவிடுங்கள். துரு அடைத்திருந்தால் ஒரு கம்பியால் குத்த வேண்டியிருக்கும். எவ்வளவு வடித்தாலும் மேனிஃபோல்டைத் தூக்கும்போது கொஞ்சம் கூலன்ட் பள்ளத்துக்குள் சிந்தத்தான் செய்யும். அதனால் ஆயிலும் ஃபில்டரும் மாற்றுவது இந்த வேலையின் ஒரு பகுதி.

முதல் சிலிண்டரை கம்ப்ரெஷன் ஸ்ட்ரோக்கின் உச்சத்துக்குக் கொண்டுவந்து, டிஸ்ட்ரிபியூட்டரின் உடலையும் ரோட்டரின் முனையையும் ஃபயர்வாலோடு (இன்ஜின் அறையின் பின்சுவர்) சேர்த்து அடையாளமிட்ட பிறகே அதை உருவுங்கள். உருவும்போது கியர் சாய்வால் ரோட்டர் கொஞ்சம் திரும்பும். திரும்பி நின்ற இடத்துக்கும் ஒரு கோடு. பிறகு யாரும் இன்ஜினைச் சுழற்றக் கூடாது.

பன்னிரண்டு போல்ட்டுகளையும் ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் தளர்த்துங்கள். ஒட்டிக்கொண்டிருந்தால் கேஸ்கட் சந்தில் ஸ்குரூ டிரைவரைச் செருகி நெம்பாதீர்கள். அலுமினியத்தில் விழும் ஒரு கீறல் அடுத்த கசிவுக்கு வழி. தெர்மோஸ்டாட் ஹவுசிங்குக்குக் கீழே, பிளாக்கின் முன்சுவருக்கு மேலே உள்ள தடித்த பகுதியில் மரக்கட்டையை வைத்து நெம்பலாம்.

பழைய கேஸ்கட்டை உடனே குப்பையில் போடாதீர்கள். இடது, வலது, முன், பின் என்று எழுதி வெளிச்சத்தில் வையுங்கள். ஒழுங்காக அழுந்திய கேஸ்கட்டில் ஒவ்வொரு போர்ட்டைச் சுற்றியும் ஒரே அகலத்தில் பளபளப்பான வளையம் தெரியும். வளையத்தின் மேற்பாதி ஆழமாகவும் கீழ்ப்பாதி மங்கலாகவும் இருந்தால் மேனிஃபோல்டின் கோணம் ஹெட்டோடு ஒத்துப்போகவில்லை. முன்மூலையில் மேற்பரப்பு நீளவாக்கில் உரசி நார் நாராகக் கிளம்பியிருந்தால் அது விரிவடைந்து சுருங்கியதன் தேய்மானம். போர்ட்டிலிருந்து பள்ளம் நோக்கிக் கறுப்பாக ஒரு ஈரக்கோடு ஓடியிருந்தால் கையுறையை இழுத்தது அந்த இடம்தான். கூலன்ட் துளையின் விளிம்பு மட்டும் ஊறி உப்பியிருந்தால், எதிரே உள்ள உலோகத்தில் அரிப்புக் குழி இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். நான்கில் எது என்று தெரிந்த பிறகுதான் என்ன வேலை பாக்கியிருக்கிறது என்று சொல்ல முடியும்.

சுத்தமும் மட்டமும்

எட்டு போர்ட்டையும் கூலன்ட் துளைகளையும் துணியால் அடைத்து, பள்ளத்தின் மேல் அகலமான துணி ஒன்றை விரியுங்கள். வார்ப்பிரும்பில் இரும்புச் சுரண்டி, அலுமினியத்தில் பிளாஸ்டிக் சுரண்டி. மெஷினில் மாட்டிச் சுழற்றும் உராய்வு டிஸ்க்குகளை இங்கே கொண்டுவரவே வேண்டாம். அவை உதிர்க்கும் அலுமினியம் ஆக்சைடு துகள் ஆயிலோடு போய் பேரிங்குகளைக் கீறும். தவிர, மென்மையான அலுமினியத்தில் கண்ணுக்குத் தெரியாத பள்ளம் பறித்துவிடும். மேனிஃபோல்டின் அடியில் எக்ஸாஸ்ட் வழியை மறைத்து ஒரு தகடு இருந்தால், அதன் பின்னால் கருகிய ஆயில் கட்டியாகச் சேர்ந்திருக்கும். தகட்டின் பின்கள் தளர்ந்திருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்து உள்ளே சுத்தம் செய்யுங்கள். கடைசியில் பரப்புகளை பிரேக் கிளீனரால் துடையுங்கள். துணி வெள்ளையாகவே திரும்பும் வரை துடைக்க வேண்டும்.

ஸ்ட்ரெயிட் எட்ஜை (வளையாத நேர்ச்சட்டம்) நீளவாக்கிலும் குறுக்காகவும் வைத்து, 0.10 மி.மீ. ஃபீலர் (சந்தை அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா என்று பாருங்கள். முழு நீளத்தில் எங்கும் நுழையக் கூடாது. நுழைந்தால் மேனிஃபோல்டு மெஷின் ஷாப்புக்குப் போக வேண்டியதுதான். கூலன்ட் துளையைச் சுற்றி அரித்த குழிகளை உலோகத் துகள் கலந்த எபாக்ஸியால் நிரப்பி, ஒரு நாள் இறுகவிட்டு, தட்டையான அரத்தால் மட்டமாக ராவலாம். அரிப்பு போர்ட் வரை போயிருந்தால் எபாக்ஸியை நம்பாதீர்கள். வெல்ட் செய்து முகத்தைச் சீவ வேண்டும்.

பன்னிரண்டு துளைகளிலும் மரை சுத்தம் செய்யும் சேஸரை ஓட்டுங்கள். வெட்டும் டாப் வேண்டாம், அது நல்ல மரையையும் கொஞ்சம் தின்னும். மரை 3/8-16, அதாவது 3/8 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 16 மரை. ஒவ்வொரு துளைக்குள்ளும் கம்பியை விட்டு அடியில் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். மூடிய துளையில் நீளமான போல்ட் அடிதட்டி நின்றுவிட்டால் டார்க் ரென்ச் கிளிக் செய்யும், மேனிஃபோல்டு அழுந்தியிருக்காது. 1987 முதல் வந்த வார்ப்பிரும்பு ஹெட்களில் பக்கத்துக்கு இரண்டாக நடுவில் உள்ள நான்கு போல்ட்டுகளின் சாய்வு வேறு. பழைய மேனிஃபோல்டை அந்த ஹெட்டில் அப்படியே இறக்க முடியாது.

வெறுமனே வைத்துப் பார்த்தல்

பக்கவாட்டு கேஸ்கட்டுகளை, போடப்போகும் அதே தடிமனில், ஒட்டாமல் ஹெட்டின் மேல் வையுங்கள், சாதாரணமாக 0.060 அங்குலம், அதாவது 1.5 மி.மீ. முன், பின் சீல்கள் வேண்டாம். மேனிஃபோல்டை இறக்கி, போல்ட் எதுவும் போடாமல் எதிரெதிர் மூலைகளை மாறி மாறி அழுத்துங்கள். ஆடினால் முறுக்கு இருக்கிறது.

ஆடவில்லை என்றால் நான்கு நுனிகளிலும் மேல் விளிம்பில் ஃபீலரை விட்டுப் பாருங்கள். அடி விளிம்பை முன், பின் சந்துகள் வழியாக மட்டுமே தொட முடியும், அதையும் விடாதீர்கள். எட்டு இடம், எட்டு எண். தாளில் எழுதுங்கள். மேலே 0.05 மி.மீ. நுழையாமல் அடியில் 0.20 மி.மீ. நுழைகிறது என்றால், போல்ட்டை இறுக்கி அந்தச் சந்தை மூட முயல்வது மேனிஃபோல்டை வளைப்பதில்தான் முடியும்.

நடுப்பகுதியில் ஃபீலர் எட்டாது. மேனிஃபோல்டின் முகத்தில் மார்க்கிங் புளூவை (தொடும் இடத்தில் ஒட்டும் நீலச் சாயம்) மெல்லிய படலமாகத் தடவி, மூலை போல்ட்டுகள் நான்கையும் 10 நியூட்டன் மீட்டருக்கு மட்டும் இறுக்கி, நேராக மேலே தூக்குங்கள். கேஸ்கட்டில் ஒவ்வொரு போர்ட்டைச் சுற்றியும் நீலம் அறுபடாத வளையமாக விழுந்திருக்க வேண்டும். இந்தச் சோதனைக்குப் பழைய கேஸ்கட்டைப் பயன்படுத்தாதீர்கள், அது ஏற்கெனவே அழுந்திப்போனது. ஒரு ஜோடி கேஸ்கட் இதற்கென்றே வீணானாலும் பரவாயில்லை.

துளைகளும் பேசும். மேனிஃபோல்டின் போல்ட் துளைகள் ஹெட்டின் துளைகளுக்கு மேலே ஒதுங்கி நின்றால் ஹெட் அல்லது பிளாக் சீவப்பட்டிருக்கிறது. துளையை அரத்தால் பெரிதாக்கி போல்ட்டை நுழைத்துவிடலாம்தான். போர்ட்டுகள் ஒன்றுக்கொன்று ஏறுமாறாக நிற்கும், கேஸ்கட்டின் கீழ்விளிம்பு காற்றில் தொங்கும். சரியான வழி மேனிஃபோல்டைச் சீவுவது. இந்த ஹெட் கோணத்துக்குக் கணக்கு இதுதான்: ஹெட்டில் எடுத்த அளவை 1.23ஆல் பெருக்கி மேனிஃபோல்டின் பக்க முகங்களில் எடுக்க வேண்டும், 1.71ஆல் பெருக்கி அடியில் முன், பின் சுவர்களைச் சந்திக்கும் பரப்பில் எடுக்க வேண்டும். ஹெட்டில் 0.010 அங்குலம் போயிருந்தால் முகத்தில் 0.012, அடியில் 0.017.

கடைசி அளவு, பிளாக்கின் முன், பின் சுவர்களுக்கும் மேனிஃபோல்டுக்கும் இடையிலான சந்து. டிரில் பிட்டின் வழுவழுப்பான தண்டை நுழைத்து அளக்கலாம். 3 மி.மீ. அளவில் இருந்தால் நிம்மதி. 1.5 மி.மீ.க்கும் குறைந்தால் அடியைச் சீவாமல் மேலே போகக் கூடாது.

சீலன்ட்

கேஸ்கட்டின் ஹெட் பக்கத்தை மட்டும் கேஸ்கட் பசையால் மெல்லியதாக ஒட்டுங்கள். மேனிஃபோல்டு பக்கம் காய்ந்தபடியே இருக்கட்டும். அலுமினியம் விரியும்போது வழுக்கிக்கொண்டு நகர ஒரு பக்கம் வேண்டும். இரண்டு பக்கமும் ஒட்டினால் கேஸ்கட்டே கிழியும். கூலன்ட் துளைகளைச் சுற்றி மட்டும் இரு பக்கமும் ஆர்டிவி சிலிக்கானை (அறை வெப்பத்தில் தானே இறுகும் பசை) விரலால் ஒரு படலமாக இழுத்துவிடுங்கள். இன்டேக் போர்ட்டுகளைச் சுற்றி சிலிக்கான் கூடவே கூடாது. பெட்ரோல் பட்டால் அது ஊறி, உப்பி, பிய்ந்து வரும்.

எக்ஸாஸ்ட் வழி தேவையா என்பதை இப்போதே முடிவுசெய்யுங்கள். மேனிஃபோல்டின் சூட்டில் திறக்கும் காயில் சோக் இருந்தால் அந்த வழி திறந்திருக்க வேண்டும். எலெக்ட்ரிக் அல்லது கையால் இழுக்கும் சோக் என்றால், நடுத்துளையில் மெல்லிய ஸ்டெயின்லெஸ் தகடு உள்ள கேஸ்கட்டைப் போட்டு அடைத்துவிடலாம். குளிரில் சூடேறக் கொஞ்சம் நேரமாகும், ஆனால் கேஸ்கட்டின் ஆயுள் கூடும்.

கார்க் சீல்களுக்குப் பதிலாக முன், பின் சுவர்களின் மேல் 6 மி.மீ. தடிமனில் ஆர்டிவியை ஒரே ஓட்டமாக இடுங்கள். இரு முனைகளிலும் பக்க கேஸ்கட்டின் மேல் 12 மி.மீ. ஏற்றிவிடுங்கள். நான்கு பொருள்கள் சந்திக்கும் அந்த மூலைதான் ஆயில் ஒழுகும் இடம். அதற்கு மேல் தாராளமாக இடுவது ஆபத்து: உள்ளே பிதுங்கும் சிலிக்கான் பின்னால் உதிர்ந்து ஆயில் பம்பின் வலையில் போய் ஒட்டும்.

இனி நேரம் ஓடுகிறது. ஆர்டிவி சில நிமிடங்களில் மேல்தோல் கட்டிவிடும். தலையை வெட்டிய 3/8-16 போல்ட்டுகள் நான்கை, 100 மி.மீ. நீளத்தில், மூலைத் துளைகளில் வழிகாட்டியாக முன்பே திருகி வைத்திருந்தால் மேனிஃபோல்டு நேராக இறங்கும். இறக்கிய பிறகு முன்னும் பின்னும் நகர்த்திச் சரிசெய்ய நேர்ந்தால் சிலிக்கான் கோடு கலைந்துவிட்டது என்று பொருள். தூக்கி, துடைத்து, மறுபடி இடுங்கள். இந்த இடத்தில் சோம்பல் பட்டால் பின்சுவரில் ஆயில் ஒழுகும். அதற்காக எல்லாவற்றையும் திரும்பக் கழற்ற வேண்டிவரும்.

இறுக்குதல்

அடியில் திறந்திருந்த துளைகளுக்கான போல்ட்டுகளில் பிடிஎஃப்ஈ (டெஃப்லான்) கலந்த மரை சீலன்ட், மற்றவற்றில் ஒரு சொட்டு ஆயில். அலுமினியத்தின் மேல் கடினப்படுத்திய வாஷர் கட்டாயம், இல்லையென்றால் போல்ட் தலை உலோகத்தில் புதைந்து அழுத்தம் குறையும். எல்லாவற்றையும் கையால் திருகி உட்காரவைத்து, நடுவிலிருந்து ஆரம்பித்து இரு பக்கமும் குறுக்கும் மறுக்குமாக வெளியே போங்கள். முதல் சுற்று 10 அடி-பவுண்டு, இரண்டாவது 20, மூன்றாவது 30. நியூட்டன் மீட்டரில் 14, 27, 41. அலுமினிய மேனிஃபோல்டுக்குத் தயாரிப்பாளர் 25 அடி-பவுண்டு என்று சொல்லியிருந்தால் 25தான். மூன்றாவது சுற்று முடிந்ததும் அதே அளவில் இன்னொரு முறை சுற்றி வாருங்கள். நடு போல்ட் மறுபடி கொஞ்சம் திரும்பும். எதுவும் திரும்பாத வரை சுற்றிக்கொண்டே இருங்கள்.

ரன்னர்களுக்கு (மேனிஃபோல்டின் கலவைக் குழாய்கள்) அடியில் சாக்கெட் நுழையாத போல்ட்டுகளைக் குத்துமதிப்பாக ஸ்பானரால் இறுக்கிவிடுவது வழக்கமாக இருக்கிறது. கசிவு ஆரம்பிப்பது பெரும்பாலும் அந்த போல்ட்டில்தான். டார்க் ரென்ச்சின் முனையில் க்ரோஃபுட் ஸ்பானரை (ரென்ச்சில் மாட்டும் குட்டை ஸ்பானர் தலை) ரென்ச்சுக்கு 90 டிகிரியில் மாட்டினால் அளவு மாறாது. நேராக மாட்டினால் நெம்புகோல் நீண்டு, காட்டும் அளவைவிட அதிகமாக இறுகும்.

அதன் பிறகு

ஆர்டிவிக்கு 24 மணி நேரம் விடுங்கள். கூலன்ட், டிஸ்டில்டு வாட்டரும் எத்திலீன் கிளைகாலும் பாதிக்குப் பாதி. நிரப்பும்போது தெர்மோஸ்டாட் திறக்கும் வரை ரேடியேட்டர் மூடியைப் போடாமல் காற்றை வெளியேற்றுங்கள். இயல்பான வெப்பத்துக்கு ஓட்டி, முழுக்க ஆறவிட்டு, அதே வரிசையில் மறுபடி டார்க் பாருங்கள். கேஸ்கட் முதல் சூட்டில் அழுந்தி இறங்கும், போல்ட் கால் சுற்று வரை ஏற்றுக்கொள்ளும். 800 கிலோமீட்டர் கழித்து இன்னொரு முறை. ஆயிலில் முன்பு கூலன்ட் கலந்திருந்தால் இருபது நிமிட ஓட்டத்துக்குப் பின் ஆயிலையும் ஃபில்டரையும் திரும்ப மாற்றுங்கள்.

அலுமினியம் உள்ளிருந்து அரிக்காமல் இருக்கக் கூலன்ட்டை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இடையில் வோல்ட்மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மற்றதைக் கூலன்ட்டிலும் உலோகத்தில் படாமல் நனைத்துப் பாருங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கூலன்ட்டின் காப்புச் சக்தி போய்விட்டது, அல்லது இன்ஜின் எர்த் பட்டை சரியில்லை. எல்லா மின்சாதனங்களையும் அணைத்தும், பிறகு ஒவ்வொன்றாகப் போட்டும் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

800 கிலோமீட்டர் டார்க் முடிந்த அன்றே கையுறைச் சோதனையை மறுபடி செய்து, வேக்யூம் கேஜின் அளவையும் அந்த எட்டு ஃபீலர் எண்களையும் தேதியோடு எழுதி ஏர் கிளீனர் மூடியின் உட்புறத்தில் ஒட்டிவையுங்கள். அடுத்த முறை வேக்யூம் இரண்டு அங்குலம் குறைந்தால் எதோடு ஒப்பிடுவது என்று அந்தத் தாளில் இருக்கும்.